பண்ணைக் கழிவும் கிணற்றுத் தண்ணீரும்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத்தின் மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் பெரிய பன்றி, கோழி, மாட்டுப் பண்ணைகளின் கழிவுக் குழிகளை ஜூன் மழைக்கு முன்பே நேரில் பார்க்க ஆள் அனுப்புங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கொட்டகையை ஹோஸ் வைத்துக் கழுவும்போது சாணமும் மூத்திரமும் மிச்சத் தீனியும் கலந்து ஒரு மண்குழிக்குப் போகின்றன. பல இடங்களில் அந்தக் குழிக்கு அடியில் சிமெண்ட் கிடையாது, மேலே கூரையும் கிடையாது. நமக்கோ வருஷத்தில் இரண்டு பருவமழை. நாலு நாள் அடைமழை பிடித்தால் குழி நிரம்பி வழிந்து ஓடையில் இறங்கி, குளத்துக்கும் ஆற்றுக்கும் போய்விடுகிறது. வழியாதது மண்ணுக்குள் ஊறுகிறது. இங்கே வீட்டுக்கு வீடு கிணறு. பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு அந்த ஊற்றுதான் குடிதண்ணீர்.

நாற்றம் அடித்தால் சத்தம் போடுகிறோம். ஆனால் சாணமும் மூத்திரமும் மண்ணில் மக்கும்போது உண்டாகித் தண்ணீரில் கரையும் நைட்ரேட் என்ற உப்புக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அளவு மீறிய தண்ணீரில் பால்பொடி கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று நம்பியிருக்கும் தாய்மாருக்கு இதை யார் சொல்வது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1974-ம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 24-வது பிரிவில், ஓடையிலும் கிணற்றிலும் கழிவு கலக்க விடுவதைத் தடுக்கிறது. கோடையில் வறண்டு கிடக்கும் ஓடையும் நிலத்தடி நீரும்கூட அந்தச் சட்டத்துக்குள் வரும். அதனால் "ஆற்றில் விடவில்லையே" என்று யாரும் தப்பிக்க முடியாது.

பண்ணைக்காரர்களும் கடன் வாங்கித்தான் பிழைக்கிறார்கள். சாண எரிவாயுக் கலனும் கூரை போட்ட சிமெண்ட் தொட்டியும் கட்ட அவர்களுக்குக் கடனுதவிக்கு வழி செய்யுங்கள், அவகாசமும் கொடுங்கள். ஆனால் தேதி குறித்துக் கொடுங்கள்.

அப்புறம், குழியின் லட்சணம் மழையில்தான் தெரியும். அதனால் அடைமழை நாளில் ஒருமுறை மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். பண்ணைக்குக் கீழ்ப்பக்கத்துக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுத்துச் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். குறித்த தேதிக்குள் தொட்டி கட்டாத பண்ணையில், அது கட்டி முடியும்வரை புதிதாகக் குட்டியோ குஞ்சோ இறக்க அனுமதிக்காதீர்கள்.

இப்படிக்கு,
கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஒரு குமரி மாவட்டவாசி