பாட்டியின் சேலை என்ன நிறம்?

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு மேசை முழுக்கப் பரப்பி வைத்திருக்கும் பழைய படங்கள்தான் காரணம். அம்மாவின் தகரப்பெட்டியில் இருந்தவை. அவற்றைப் பார்த்து, தாத்தா மலாயாவுக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறியது முதல் நாம் ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்தத் தொடர்வீடுகளில் வளர்ந்தது வரை வரிசையாக வரைந்துகொண்டிருக்கிறேன். ஐந்து முடிந்துவிட்டன.

பாட்டியின் கல்யாணப் படம் உனக்கு நினைவிருக்கும், எங்கள் வீட்டு நடுச்சுவரில் தொங்குமே. சேலை கறுப்பு, பொட்டும் கறுப்பு. நானும் கறுப்பாகவே தீட்டிவிட்டேன். பெரியம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கல்யாணத்துக்கு யாராவது கறுப்புக் கட்டுவாங்களா? அரக்குச் சேலை. பெட்டியில இத்துப்போற வரைக்கும் நான் பார்த்திருக்கேன்" என்றார். விசாரித்தேன். அந்தக் காலத்தில் ஒருவகை பிலிமில் சிவப்பு பதியவே பதியாதாம், கறுப்பாகத்தான் விழுமாம். நம் ஆட்களின் முகமும் அதில் இருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். நான் பிறக்கும் முன்பே போய்விட்ட பாட்டியை இத்தனை வருடமாக வேறொரு நிறத்தில் நினைத்திருந்தேன். சேலையோடு முகத்தையும் மறுபடி தீட்டினேன். ராத்திரி தூக்கமே வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. பெட்டியில் அத்தனை படம் இருந்தும் ஒன்றில்கூட யாரும் வேலை செய்யவில்லை! கல்யாணம், அடையாள அட்டை, பிள்ளைக்கு முதல் வயது, இவ்வளவுதான். விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு நின்றது, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, காண்டாக் கம்பில் தூக்கும் பால் வாளி, காய்ந்த ஒட்டுப்பால் வாடை போகாத வேலைத்துணி எதற்கும் படம் கிடையாது. பால்மரங்களும் போய் இன்று எங்கும் செம்பனை, பாமாயில் மரம். அதையெல்லாம் என் நினைவிலிருந்துதான் எடுக்கிறேன். அம்மாவின் விரல் ஓரங்களில் பால் காய்ந்து கறுத்திருக்கும். உன் அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று எழுது.

தாத்தா, தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவரும் கங்காணியோடு வந்தது 1937இல். மறுவருடமே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. அதனால்தான் தாத்தாவின் தங்கை அங்கேயே தங்கிப்போனார். அவருக்குப் படமே இல்லை. கரையில் நிற்கும் கூட்டத்தில் முதுகு காட்டி நிற்பதுபோல வரைந்திருக்கிறேன். முகத்தைக் கற்பனை செய்து போட மனம் வரவில்லை.

இப்போது சின்னத் தாத்தாவில் வந்து நிற்கிறேன். குடியுரிமை கிடைக்காதவர். 1969இல் அப்படிப்பட்டவர்களுக்கு வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனபோது, எத்தனையோ தோட்டக் குடும்பங்களைப் போல அவர்களும் ரஜூலா கப்பலில் திரும்பினார்கள். குடியுரிமை இல்லாதவர் என்று காட்டும், அவர் கையில் இருந்த அடையாள அட்டையின் சிவப்பை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்களை வழியனுப்பிய அன்று கோவில் வாசலில் உன் அப்பா ஒரு படம் எடுத்தார். நீயும் நானும் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அது உன்னிடம் இருக்கிறதா? அசலை அனுப்பாதே, தபாலில் மடங்கிவிடும். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்துப் படமெடுத்து வாட்சாப்பில் அனுப்பு.

அன்புடன்,
உன் லயத்துத் தோழி