ஊற்றை அளந்த பிறகு சுரங்கம் தோண்டுங்கள்

இமாசலப் பிரதேசப் பார்வதிப் பள்ளத்தாக்கின் நீர்மின் சுரங்கங்களுக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கும் அவற்றைத் தோண்டும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

இப்பள்ளத்தாக்கின் மணிகரண் குருத்வாராவில் லங்கர் என்னும் இலவச உணவுக்கு அரிசி வேகவைக்கும் வெந்நீர் ஊற்று, மலைமேல் மழையாகவும் பனியாகவும் விழுந்த நீர்தான். பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கி, சூடேறி, சிலிக்காவையும் உப்புகளையும் கரைத்துக்கொண்டு மேலேறுகிறது. எரிமலை ஏதும் இங்கில்லை. இமயம் வேகமாக உயர்வதால் ஆழத்துச் சூடு மேற்பரப்பை நெருங்கியிருக்கிறது. நீர் ஏறிவரும் வழிகளோ சில வெடிப்புகள்தான். ஊற்றைவிடத் தாழ்வாகச் சுரங்கம் அவற்றை வெட்டினால் நீர் அந்தப் பக்கம் வடிந்துவிடும். உயரத்தில் வெட்டினாலும், ஊற்றுக்கு நீரூட்டும் வழி அறுபடக்கூடும்.

2009 டிசம்பரில் உத்தராகண்டின் ஜோஷிமட் அருகே நீர்மின் சுரங்கம் துளையிடும் இயந்திரம் நீர்தாங்கிப் பாறையைக் கிழித்தபோது நொடிக்கு 700 லிட்டர் அளவில் நீர் கொட்டியது. இமாசலத்தின் நாத்பா ஜாக்ரி நீர்மின் சுரங்கத்தில் வெந்நீரே குறுக்கிட்டது.

ஆகவே வேலை தொடங்குமுன் குறைந்தது ஓராண்டு, பனி உருகும் பருவமும் மழைக்காலமும் அடங்க, வாரந்தோறும் அளவெடுங்கள். வெப்பநிலையைக் குளத்தில் பார்க்காமல் ஊற்றுக்கண்ணிலேயே பாருங்கள். நீர்வரத்துக்கு 90 பாகை V வடிவ வெட்டுள்ள தடுப்புப் பலகை போதும். வெட்டின் அடிமுனைக்கு மேல் 10 செ.மீ. நீர் நின்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர். மழைக்குப்பின் வெப்பமும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனும் சேர்ந்து இறங்கினால் மேல்மட்டக் குளிர்நீர் கலக்கிறது. வெப்பம் மாறாமல் வரத்து மட்டும் குறைந்தால் ஆழத்து அழுத்தம் விழுகிறதா என்று உடனே ஆராய வேண்டும்.

அமில காரத்தன்மையையும் (pH) பைகார்பனேட்டையும் ஊற்றருகே அளந்துவிடுங்கள். புட்டியில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் வழியில் கரியமில வாயு வெளியேறி, சுண்ணாம்பு படிந்து, எண்கள் பொய்யாகிவிடும். உலோகங்களுக்கான மாதிரியை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, நைட்ரிக் அமிலத்தால் pH 2-க்குக் கீழே இறக்குங்கள். சிலிக்கா மாதிரியை அங்கேயே காய்ச்சி வடித்த நீரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். ஆறினால் சிலிக்கா பிரிந்துவிடும்; கரைந்த சிலிக்காவை வைத்துப் போடும் ஆழத்து வெப்பக் கணக்கு குறைத்துக் காட்டும்.

சுரங்கமுகத்துக்கு முன்னால் எப்போதும் 30 மீட்டர் தூரமாவது சோதனைத் துளை ஓடட்டும். அதில் வரும் நீர் சூடேறினாலோ, உப்பு கூடினாலோ தோண்டுவதை நிறுத்திச் சிமென்ட் கலவை செலுத்துங்கள். இந்நீரில் சல்பேட் மிகுந்திருந்தால் சாதாரணச் சிமென்ட் அரித்துப்போகும். சல்பேட்டைத் தாங்கும் வகை வேண்டும்.

எந்த அளவில் வேலையை நிறுத்துவது என்பதை அனுமதி ஆணையிலேயே எண்ணால் எழுதுங்கள். வாராந்திர அளவுகளை மணிகரண் மக்கள் படிக்கும்படி ஊரிலேயே ஒட்டுங்கள்.