லயங்களை இடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் புது வீடுகள் எழும்புகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் ஆட்கள் குடிபோன பின் பழைய லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் இருந்த வரிசை வீடுகளை, இடித்தால், இடித்ததெல்லாம் எங்கே போகிறது? எங்கள் பக்கத்தில் லொறியில் அள்ளி ஓடைக்கரைப் பள்ளத்தில் கொட்டினார்கள். புகையேறிக் கறுத்த தகரம், பாதியாய்ப் போன ஆட்டுக்கல், காது உடைந்த கோப்பைகள், தேயிலைச் செடி வெட்டித் துருப்பிடித்த கவ்வாத்துக் கத்திகள், அடி அறுந்த கொழுந்துக் கூடைகள். நம் பாட்டன் பூட்டன் கைபட்ட பொருள்கள் அவை. அவற்றை வைத்து நாம் ஒரு சிற்பப் பூங்கா கட்டலாம். முடியுமா என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

வட இந்திய யாத்திரை போன இடத்தில் கழித்த பொருள்களால் ஆன சிற்பப் பூங்காவான சண்டிகார் ராக் கார்டனைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதை உருவாக்கிய நேக் சந்த் சிற்பக் கல்லூரிக்குப் போனவர் அல்லர். அரசாங்கத்தில் வீதி மேற்பார்வையாளர். பிரிவினையில் சொந்த ஊர் பாகிஸ்தானுக்குள் போய்விட, அகதியாக வந்தவர். கட்டடக் கலைஞர் லே கோர்பூசியே வரைந்த புதிய நகரமான சண்டிகாருக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளில் கிடைத்ததைச் சைக்கிளில் கட்டி எடுத்துப்போய், காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் 1950களின் பிற்பகுதியில் வேலையைத் தொடங்கினார். அரசு நிலம், அனுமதி கிடையாது. 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிக்கவில்லை. 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளம் கொடுத்து, 50 தொழிலாளர்களையும் கொடுத்தார்கள். நகரத்தில் கழிவுப் பொருள் சேகரிக்க நிலையங்களும் வைத்தார்கள். இன்று அது சுமார் 40 ஏக்கர். 1984இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், 2015இல் காலமானார்.

உள்ளே போனால் உடைந்த கழிப்பறைப் பீங்கான் ஒரு சுவர், மின்சார வேலையில் கழித்த பீங்கான் துண்டுகள் இன்னொரு சுவர். என்னை நகரவிடாமல் நிறுத்தியவை வளையல் பொம்மைகள். கண்ணாடி வளையல் துண்டுகளைச் சீமெந்தில் நெருக்கி நெருக்கிப் பதித்திருக்கிறார். பச்சை முடியும் இடத்தில் சிவப்பு தொடங்குகிறது, அதுவே சேலையின் கரை. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் வளையல் என்று தெரியும். அப்படிப்பட்ட பெண் உருவங்கள் சரிவில் வரிசை வரிசையாக நிற்கின்றன. எங்களோடு வந்த பெரியம்மா ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். “கொழுந்து நிறுக்க நிக்கிற நம்ம புள்ளைங்க மாதிரியே இருக்கு தம்பி” என்றார். அதற்குப் பிறகு அந்தச் சரிவை வேறு விதமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

நம் நாட்டில், கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இயந்திரங்களுக்கு இடம் உண்டு. கம்பளை பாரதெக்கவில் பழைய லயத்திலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். அது அரிய முயற்சி, பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். ஆனால் இத்தனை தோட்டங்களுக்கு அது ஒன்று போதுமா? நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடமானதை நினைத்து, 2023இல் மலையகம் 200 என்று நடந்தோம், பேசினோம். அந்த 200 வருடத்தின் சாமான்களோ பள்ளத்தில் கிடக்கின்றன.

செய்வதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. பழைய சைக்கிள் சட்டம் போன்ற இரும்பைக் கூடாக வைத்து, அதன்மேல் சீமெந்துக் கலவை பூசி, மேல் தோலாக ஓட்டுத் துண்டு, பீங்கான் பதிப்பதுதான் நேக் சந்த் செய்த முறை. நம் தோட்டத்து மேசன்மாருக்கும் தொழிற்சாலைப் பட்டறை ஆட்களுக்கும் இது கைவந்த வேலை. நம் மழைக்கு இரும்பு வெளியே தெரிந்தால் துருப்பிடித்து உதிரும் என்பதை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மட்டும்: பிளாஸ்டிக் போத்தல்களையும் சொப்பிங் பேக்கையும் இதில் சேர்க்க வேண்டாம். வெயில் பட்டால் நொறுங்கித் தூளாகும். அந்தத் தூள் கெசல்கமு ஓயா வழியே காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும், அப்புறம் களனி கங்கைக்கும் போகும். கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீரை. குப்பைப் பிரச்சினையைச் சிற்பம் தீர்த்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. தரம் பிரித்து அகற்றும் வேலையைப் பிரதேச சபைகள் தனியாகச் செய்தே ஆக வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் பிரதேச சபைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். இடிக்குமுன் ஒரு நாள் ஒதுக்கி, அந்த லயத்தில் இருந்தவர்களையே கூப்பிட்டு, எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று கேளுங்கள். தேயிலை வளராத ஒரு துண்டு நிலத்தைக் கொடுங்கள். வேலையை டெண்டரில் வெளி ஆளுக்கு விட்டு பைபர் சிலை வாங்கி நிறுத்தாமல், தோட்டத்து ஆட்களுக்கே நாள் சம்பளம் கொடுத்துச் செய்விக்கவும். காவலுக்கு ஓர் ஆளும் வேண்டும். நேக் சந்த் வெளிநாடு போயிருந்த சமயத்தில் அவர் சிலைகளையே உடைத்துப் போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
ஹட்டன்.