எண்பதுகளின் பாடல்களைத் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

இசைச் செயலிகளில் எண்பதுகளின் பாடல்களைத் தொகுத்து வழங்கும் குழுவினருக்கு,

வணக்கம். மகிழ்ச்சியான எண்பதுகள், கவலையற்ற காலம் என்பன போன்ற தலைப்புகளில் நீங்கள் தரும் பாடல்களை நான் விரும்பிக் கேட்கிறேன். தேடி எடுத்து வைத்ததற்கு நன்றி. ஆனால் அந்தத் தலைப்புகளோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

ஜெர்மனியின் நேனா குழுவினர் 1983-இல் வெளியிட்ட '99 லுஃப்ட்பலூன்ஸ்' கொண்டாட்டப் பாடல்களின் வரிசையில் இடம்பெறுகிறது. துள்ளலான மெட்டுதான், மறுக்கவில்லை. ஆயினும் யாரோ பறக்கவிட்ட பலூன்களைப் பகைவரின் வேலை என்று எண்ணிப் போர் விமானங்களை அனுப்ப, அதிலிருந்து மூளும் போரில் உலகமே இடிபாடாகிப் போவதுதான் அந்தப் பாடலின் கதை. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று, மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைப் பார்த்து, அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் செயற்கைக்கோள் எச்சரிக்கை அமைப்பு அறிவித்தது. பணியிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற அதிகாரி அதைப் பொய் எச்சரிக்கை என்று முடிவு செய்தார். அச்செய்தி வெளியே கசியப் பல ஆண்டுகள் ஆயின. நாங்களோ ஒன்றும் அறியாமல் பலூன் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தோம்.

என்னிடம் அக்காலத்து 60 நிமிடக் கேசட் ஒன்று இன்னும் இருக்கிறது. அழிந்துவிடக் கூடாதென்று அதன் விளிம்பிலிருந்த சிறு பிளாஸ்டிக் துண்டை முதலில் உடைத்துவிட்டு, பிறகு மனம் மாறி, அந்தக் குழியின் மேல் செல்லோடேப் ஒட்டி, வானொலியிலிருந்து வேறு பாடல்களைப் பதிந்தேன். ஒருமுறை நாடா வெளியே வந்து சிக்கிக்கொண்டதால் பென்சிலைச் சக்கரத்தில் செருகிச் சுற்றி உள்ளே இழுக்க வேண்டியதாயிற்று. கசங்கிய அந்த இடத்தில் பாடகரின் குரல் இன்றும் ஒரு கணம் தள்ளாடும். கடைசிப் பாடல் முடிந்ததும் பொத்தானை அழுத்தத் தாமதமாகிவிட்டதால், செய்தி வாசிப்பவரின் குரலில் செர்னோபில் என்ற சொல்லும் அதைத் தொடர்ந்து அரை வாக்கியமும் அதில் விழுந்திருக்கின்றன. சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் 1986 ஏப்ரல் 26 அன்று நேர்ந்த விபத்தை, ஸ்வீடனின் அணுமின் நிலையம் ஒன்றில் கதிர்வீச்சு தென்பட்ட பிறகு, 28 அன்று மாலைதான் சோவியத் அரசு ஒப்புக்கொண்டது. மழையையும் பாலையும் கண்டு மக்கள் அஞ்சிய நாட்கள் அவை. எனக்கு அந்தப் பாடலும் அந்த அரை வாக்கியமும் ஒன்றாகவே நினைவில் நிற்கின்றன. உங்கள் தொகுப்பில் கேட்கும்போது, அது முடிந்தவுடன் வேறொரு பாட்டு தொடங்குவது எனக்குத் திடுக்கென்றிருக்கிறது.

இசைத்துறைக்கும் அன்று ஒரு கவலை இருந்தது. வீட்டில் பதிவு செய்வது இசையைக் கொல்கிறது என்று பிரிட்டனின் இசைத்தட்டு நிறுவனங்கள், மண்டையோட்டின் இடத்தில் கேசட்டை வரைந்து, கீழே இரண்டு எலும்புகளையும் போட்டுப் பிரசாரம் செய்தன. (அந்தக் கொலையில் எனக்கும் பங்குண்டு, கொலையுண்டதைத்தான் இன்று உங்களிடம் சந்தா கட்டிக் கேட்கிறேன்.)

ஆகவே என் வேண்டுகோள் சிறியதே. மறுபதிப்பு வெளிவந்த ஆண்டைக் காட்டாமல், பாடல் முதலில் வெளிவந்த ஆண்டைப் போடுங்கள். பாடல் எதைக் கண்டு அஞ்சியது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். கவலையற்ற காலம் என்ற தலைப்பை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய நேயர் ஒருவர்