மைன்கிராஃப்ட் ஜாவா: இன்வென்டரி எடிட் செய்பவர்கள் கவனத்துக்கு

இன்வென்டரியை, அதாவது கேமில் நீங்கள் வைத்திருக்கும் பொருட்களை, மாற்ற சேவ் கோப்பைத் திருத்தும் எடிட்டரைத் திறக்கும் முன் உலகத்தை விட்டு முழுதாக வெளியேறுங்கள். கேம் ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த சேவில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். சேவ்ஸ் ஃபோல்டரில் அந்த உலகத்தை நகலெடுத்தும் வையுங்கள்.

1.20, 1.21 பதிப்புகளில் சிங்கிள் பிளேயர் என்றால் லெவல்.டாட் (level.dat) கோப்பில் திருத்த வேண்டிய இடம்: டேட்டா > பிளேயர் > இன்வென்டரி. பிளேயர்டேட்டா கோப்பைத் திருத்திவிட்டு 'எதுவும் மாறவில்லையே' என்று இங்கே கேட்காதீர்கள், அது சர்வருக்குத்தான். ஸ்லாட் (பொருள் இருக்கும் கட்டம்) எண் 0–8 ஹாட்பார், அதாவது திரையின் அடியில் தெரியும் வரிசை; 9–35 உள்பை. இரண்டு பொருளுக்கு ஒரே ஸ்லாட் எண் கொடுத்தால் ஒன்று காணாமல் போகும்.

ஒரு ஸ்லாட்டில் உள்ள பொருளின் எண்ணிக்கை 1.20.4 வரை ஒரு பைட் அளவு எண்தான்: 127-ஐத் தாண்டினால் மைனஸ் ஆகிப் பொருளே மறையும். 1.20.5 முதல் உச்சம் 99. என்சான்ட்மென்ட் (பொருளுக்கு ஏற்றும் மாய சக்தி) விவரங்களும் அதே பதிப்பில் 'டேக்' என்பதிலிருந்து 'காம்பொனென்ட்ஸ்' பகுதிக்கு மாறிவிட்டன. பழைய எடிட்டரில் செய்த வாள் வெறும் வாளாக வருவது இதனால்தான்.