வெறும் மரம் எனக்கு வரைய வராது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. காளாஸ்திரியில் நைனாவும் நானும் சௌக்கியம். "எனக்குப் புது டிசைன் எதுவும் மனசில் நிற்கவில்லை, கலம்காரித் துணி வரைகிற உனக்கு மட்டும் எப்படித்தான் வருகிறதோ" என்று போனில் சலித்துக்கொண்டாய். அடுப்பில் சாய அண்டா கொதித்துக்கொண்டிருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை.

எனக்கு வெறும் மரம், வெறும் பூ வரைய வராது. கை ஓடும், மனசு ஓடாது. அந்த மரத்தில் யாராவது தூளி கட்டியிருக்க வேண்டும், இல்லை ஆடு மேய்க்கிறவர் தொரட்டியால் தழை இழுக்க வேண்டும். அப்போதுதான் கிளை எந்தப் பக்கம் வளையும் என்றே தெரிகிறது.

கண்ணப்பர் கதையை வரைவதென்றால் எல்லாரும் கண்ணைப் பிடுங்கும் இடத்துக்கே போய்விடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தினது. பொன்முகலி ஆற்றுத் தண்ணீரை வாயில் நிரப்பி, பூவைத் தலைமயிரில் செருகி, இறைச்சியோடு மலை ஏறுகிறாரே, அந்த உப்பிய கன்னம். கோடையில் ஆறு வறண்டு கிடந்தபோது, மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பொம்பளைகளைப் பார்த்தேன். இப்போது கண்ணப்பர் துணியின் கரையில் அவர்கள்தான் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். வாங்க வந்தவர், "அன்னப்பட்சி போடலாமே" என்றார். போடவில்லை.

அப்புறம், பாதி வேலை நான் செய்வதே இல்லை, துணியும் சாயமும்தான் செய்கின்றன. கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறிய துணி (அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே). துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த கசிமி என்கிற மையை மூங்கில் குச்சியால் அதில் இழுத்தால், வெளிறிய கோடு கண் முன்னாலேயே கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேருகிற வேலை. பாலின் கொழுப்பு இல்லையென்றால் மை ஊறிப் பரவிவிடும். குச்சியில் சுற்றிய கம்பளியை அழுத்துகிற அளவுக்குத்தான் மை இறங்கும்; தயங்கினால் அந்த இடத்தில் திட்டு விழும், அழிக்க முடியாது. படிகாரம் தொட்ட இடத்தில்தான் சிவப்பு நன்றாகப் பிடிக்கும். அதுவும் ஆற்றுத் தண்ணீரில் ஒரு மாதிரி, போர்வெல் தண்ணீரில் ஒரு மாதிரி. இந்தத் தடவை செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. சரி என்று, மலைக்கு நினைத்திருந்த நீலத்தை விட்டுவிட்டு மஞ்சளுக்குப் போனேன். மலை இப்போது நல்ல வெயிலில் காய்கிறது, கண்ணப்பரின் நடையிலும் ஒரு அவசரம் வந்துவிட்டது. நானாக யோசித்திருந்தால் இது தோன்றியிருக்காது.

உனக்குக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போடலாம். அதுவே உன்னை இழுத்தடிக்கிறது போல. லீவு நாளில் ஹுசைன் சாகர் கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார். ஏரியை விடு, அங்கே வருகிற ஜனம் என்ன செய்கிறது என்று பார். போனில் படம் எடுக்காதே, கையால் கிறுக்கு.

இதே சிவப்பில் ஒரு துப்பட்டா தபாலில் அனுப்புகிறேன். முதல் தடவை தனியாக அலசு, நிழலில் காயப்போடு. தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயா? நைனா தினம் கேட்கிறார்.

இப்படிக்கு,
அம்மா