உள்ளே உட்கார இடமில்லாத சேலம் வக்கீல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வந்த கொச்சிப் பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். நான் பதினெட்டு வருஷமாக மட்டாஞ்சேரியில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கூட்டிப்போவது யூதர்களின் பரதேசி ஜெப ஆலயத்துக்குத்தான். 1568-இல் கட்டிய ஆலயம், சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான தரை ஓடுகள், கண்ணாடி விளக்குகள், யூதர்களுக்கு இடம் கொடுத்துக் காத்த கொச்சி ராஜாக்கள் என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஆலயத்துக்குள் யூதரை யூதரே எப்படி நடத்தினார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுதான் மனதை உறுத்துகிறது.

வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய பரதேசி யூதர்கள் தங்களை வெள்ளை யூதர் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்களிடம் அடிமைகளாக இருந்து, யூத மதத்தில் சேர்ந்து, விடுதலை பெற்றவர்களின் வம்சத்துக்கு மெஷுஹ்ராரிம் என்று பெயர். விடுவிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். எத்தனை தலைமுறை போனாலும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் ஆலயத்தில் மற்றவர்களோடு பெஞ்சில் உட்காரக் கூடாது, வெளியே முன்கூடத்தில் தரையிலோ படியிலோதான். யூத வேதமான தோராவை வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள். பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. செத்தால் புதைக்கும் இடமும் தனி.

மதம் அப்படிச் சொல்கிறதா என்றால், இல்லை. கொச்சியில் இப்படி ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டதற்கு, முறைப்படி முழுக்குச் செய்தால் அவர்களோடு தாராளமாக மணவுறவு கொள்ளலாம் என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவிலிருந்த யூத மதகுரு ரபி தாவீது இப்னு ஸிம்ரா பதில் எழுதினார். குருவே சொல்லியும் கேட்கவில்லை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் மீண்டதைக் கொண்டாடும் பஸ்கா இரவில், வருஷா வருஷம் எகிப்தில் நாங்கள் அடிமைகளாக இருந்தோம் என்று வீட்டில் உட்கார்ந்து வாசித்தார்கள். அதே ஆட்கள் ஆலயத்துக்கு வந்து, உன் பாட்டன் அடிமை, நீ வெளியே உட்கார் என்றார்கள். இதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

அந்தப் படியில் உட்கார வைக்கப்பட்ட குடும்பத்தில் 1882-இல் பிறந்தவர் ஏ.பி. சேலம். (நம் சேலம் ஊருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.) கொச்சி யூதர்களில் முதல் பட்டதாரி. சட்டம் படித்தது நம் மெட்ராஸில். வக்கீலானார், கொச்சி சட்டசபை உறுப்பினரானார், 1929-இல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்கும் போய் வந்தார். சட்டசபையில் நாற்காலி கிடைத்தவருக்குத் தன் சொந்த ஆலயத்தில் ஒரு பெஞ்சு கிடைக்கவில்லை. சிறுவயதிலிருந்து தன்னுடையது என்று நம்பிய இடம் அது. எவ்வளவு வெறுத்துப்போயிருக்கும்! கொஞ்ச காலம் அந்த ஆலயத்தையே புறக்கணித்தார். ஆனால் மதத்தை விடவில்லை. காந்தியிடமிருந்து கற்ற சத்தியாகிரகத்தைத் தன் ஆட்களிடமே நடத்தினார். யூத காந்தி என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

கட்டுப்பாடுகள் மெதுவாகத்தான் தளர்ந்தன. உள்ளே இடம் கிடைத்த பிறகும் பழைய புத்தி போகவில்லை. 1950-இல் அவர் மகனுக்கும் ஒரு வெள்ளை யூதப் பெண்ணுக்கும் நடந்த கல்யாணத்தைக் கொச்சியில் வைக்க முடியாமல் பம்பாயில்தான் வைத்தார்கள். சேலம் 1967-இல் காலமானார்.

போன மாதம் என் தங்கை மகளை அங்கே கூட்டிப்போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படியில் உட்கார்ந்து போட்டோ எடுக்கச் சொன்னாள். நான் சேலம் வக்கீலின் கதையைச் சொன்னேன். சட்டென்று எழுந்துவிட்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, மறுபடியும் அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

இனி கொச்சியைப் பற்றி எழுதும்போது அந்தப் படியைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
மட்டாஞ்சேரி, கொச்சி